ஊசிக்குப் பஞ்சம் வந்த ஊர்

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வருவார். ஹீரோயினின் அப்பா ஓடி வருவார். 'கடவுள்தான் காப்பாத்தணும்' என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையிலிருந்து ரப்பர் உறையைக் கழற்றுவார். எத்தனை சினிமாவில் பார்த்திருக்கிறோம்! அந்த ரப்பர் உறையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு, வில்லியம் ஹால்ஸ்டெட் என்கிற அமெரிக்க சர்ஜனுக்கு உண்டு.

1889. பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்த புதுசு. ஹால்ஸ்டெட்டிடம் வேலை பார்த்த நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்கு, கிருமிநாசினி பட்டுப் பட்டுக் கையெல்லாம் புண்ணாகிவிட்டது. சர்ஜனுக்கு மனசு கேட்கவில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி, மெல்லிசாகக் கையுறை செய்து தரச் சொன்னார். வந்தது. நர்ஸின் கை பிழைத்தது. அடுத்த வருஷம் அந்தக் கையையே பிடித்துவிட்டார். ஆமாம், கல்யாணம்!

ஹெர்னியா ஆபரேஷன், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன், இளம் சர்ஜன்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்கிற முறை என்று எதைத் தொட்டாலும் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் பெயர் வந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு ரகசியம் இருந்தது.

அவர் போதை மருந்துக்கு அடிமை.

1884-ல், கோகெய்ன் உடம்பை மரத்துப்போகச் செய்யுமா என்று பார்க்கத் தனக்கே ஊசி போட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கோகெய்னுக்குப் பதிலாக மார்ஃபின் கொடுத்தார்கள். பேயை விரட்டப் பிசாசு. கோகெய்ன் ஓரளவு போனது, மார்ஃபின் ஒட்டிக்கொண்டது. சக டாக்டரான வில்லியம் ஆஸ்லருக்கு விஷயம் தெரியும். ஒரு குறிப்பேட்டில் எழுதி, பூட்டி வைத்துவிட்டார். அது வெளியே வந்தது 1969-ல். அதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

ஹால்ஸ்டெட் இறந்தது 1922-ல். வயது 69. பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்பட்ட கோளாறு. கிட்டத்தட்ட முப்பத்தாறு வருஷம் மார்ஃபினோடு குடும்பம் நடத்திவிட்டு, நம் தாத்தாக்கள் மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனார்.

இது எப்படிச் சாத்தியம்? போதை மருந்து எடுப்பவன் நாலைந்து வருஷத்தில் நாறிச் சாவான் என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்குக் கிடைத்தது சுத்தமான மார்ஃபின். எத்தனை எடுக்கிறோம் என்று அளவு தெரியும். ஊசியும் சுத்தம். தங்க நல்ல வீடு. முதல் தேதி சம்பளம். தப்பு செய்தாலும் மூடி மறைக்கப் பெரிய இடத்து நண்பர்கள். இந்த ஆறும் இருந்தது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ஃபின் நல்ல பிள்ளை என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதர் அடிக்கடி வேலைக்கு வராமல் காணாமல் போனார். எந்த நேரம் குட்டு உடையுமோ என்றே வாழ்ந்தார். அது ஒரு நரகம்தான். ஆனால், மெத்தை போட்ட நரகம்.

மெத்தை இல்லாதவனுக்கு அதே மருந்து என்ன செய்யும்? இதைத் தெரிந்துகொள்ள நாம் அட்லாண்டிக்கையும் தாண்டவேண்டும், ஓர் அறுபது வருஷத்தையும் தாண்டவேண்டும். ஸ்காட்லாந்துக்குப் போகிறோம்.

*

எடின்பரோ. ஸ்காட்லாந்தின் தலைநகரம். மலை உச்சியில் கோட்டை, கீழே கல் பாவிய தெருக்கள், ஆகஸ்ட் வந்தால் உலகமே திரண்டு வரும் கலைத் திருவிழா. படித்தவர்கள் ஊர். பணக்கார ஊர் என்றும் பெயர்.

இந்த ஊருக்கும் மார்ஃபினுக்கும் பழைய பந்தம் உண்டு. 1830-களிலேயே இங்கே ஒரு கம்பெனி மார்ஃபின் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தது. 1853-ல் அலெக்ஸாண்டர் வுட் என்கிற எடின்பரோ டாக்டர், நரம்பு வலியால் துடித்த ஒரு பெண்மணிக்குத் தோலுக்கு அடியில் மார்ஃபினை ஊசி வழியே செலுத்தினார். மருத்துவ வரலாற்றில் அது பெரிய மைல்கல். இன்றைக்கு நாம் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்கிறோமே, அந்த ஊசிக்கு வழிபோட்ட ஊர்களில் எடின்பரோவும் ஒன்று.

அந்த ஊரில்தான், 130 வருஷம் கழித்து, ஊசிக்குப் பஞ்சம் வந்தது.

கோட்டையிலிருந்து வடக்கே கடலைப் பார்க்கப் போனால் லீத், பில்டன், ம்யூர்ஹவுஸ் என்று சில பகுதிகள். லீத் துறைமுகப் பகுதி. பில்டனும் ம்யூர்ஹவுஸும் முனிசிபாலிட்டி கட்டிக் கொடுத்த குடியிருப்புகள். நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு நடுவே இருந்த நெரிசலான பழைய வீடுகளை இடித்துவிட்டு, அங்கிருந்த ஜனங்களையெல்லாம் விளிம்பில் கொண்டுபோய் அடுக்கினார்கள். துறைமுகத்தில் வேலை இருந்தவரை அடுப்பு எரிந்தது.

பிறகு, வேலை போனது. 1982-ல் பிரிட்டன் முழுக்க வேலை இல்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. மார்கரெட் தாட்சர் பிரதமர். நஷ்டத்தில் ஓடுவதையெல்லாம் மூடு என்பது அவர் கொள்கை. 1984-ல் லீத்தின் கடைசிப் பெரிய கப்பல் கட்டும் தளமான ஹென்றி ராப்பும் மூடியாகிவிட்டது. பள்ளிக்கூடம் முடித்த பதினேழு வயசுப் பையனுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே சோபாவில்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஹெராயின் வந்தது. 1979-ல் ஈரானில் புரட்சி. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழாக, பழுப்பு நிற ஹெராயின் ஐரோப்பாவுக்குள் மலிவாகக் கொட்டியது. லண்டனுக்கு வந்தது, லிவர்பூலுக்கு வந்தது, ம்யூர்ஹவுஸுக்கும் வந்தது. ஹெராயின், மார்ஃபினிலிருந்து செய்வதுதான். உடம்புக்குள் போனதும் திரும்பவும் மார்ஃபினாகத்தான் மாறுகிறது. அதாவது, ஹால்ஸ்டெட் எடுத்த அதே சமாசாரம். ஆனால் தெருவில் விற்கும் பொட்டலத்தில் ஹெராயின் எத்தனை, கலப்படம் எத்தனை? கடவுளுக்கே தெரியாது.

வேலையில்லாத பையன்கள், மலிவு ஹெராயின். இந்த இரண்டும் பிரிட்டனில் பல ஊர்களில் இருந்தன. எடின்பரோவில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது.

போலீஸ்!

எடின்பரோ போலீசுக்கு ஒரு யோசனை. ஹெராயினை ஊசி வழியாகத்தானே ஏற்றிக்கொள்கிறார்கள்? ஊசியே கிடைக்காவிட்டால்? மருந்துக்கடைக்காரர்கள் இளைஞர்களுக்கு சிரிஞ்ச் விற்பதை நிறுத்தினார்கள். நகரத்து நடுவே மருத்துவ உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் போலீஸ் நெருக்கடியால் அந்த வழியும் அடைபட்டது. தெருவில் எவன் பையிலாவது சிரிஞ்ச் இருந்தால் பறிமுதல். ஊசி வைத்திருந்தாலே போதும், இவன் அந்தக் கேஸ் என்று முத்திரை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீங்களும் நானும் கமிஷனராக இருந்தால் இதையேதான் செய்திருப்போம்.

*

அடியேன் பி.காம். எக்கனாமிக்ஸ் பேப்பரில் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனால் ஒரே ஒரு பாடம் மண்டையில் நின்றிருக்கிறது. ஒரு பொருளின் வரத்தைக் குறைத்தால் அதன் தேவை தானாகக் குறைந்துவிடாது. உப்பு மாதிரி, மருந்து மாதிரி, இல்லாமல் முடியாது என்கிற பொருளாக இருந்தால் குறையவே குறையாது. இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வராத மாதம் பக்கத்து வீட்டில் அரை லிட்டர் கடன் வாங்குகிறோமே, அப்படி.

எடின்பரோவில் அதுதான் நடந்தது. ஹெராயின் தாராளம், ஊசி தட்டுப்பாடு. எனவே, ஊசியைப் பங்கு போட்டார்கள்.

சொந்தமாக ஊசி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் யாரும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சில வீடுகளில் மட்டும் ஊசி இருக்கும். பெரும்பாலும் சரக்கு விற்பவன் வீடு. அங்கேயே வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு, வெறும் கையோடு வெளியே வந்துவிடலாம். ஒரே சிரிஞ்ச். பத்துப் பேர். சில இடங்களில் இருபது பேர். கொதிநீர் கிடையாது, கிருமிநாசினி கிடையாது. ஒருவன் ரத்தம் இன்னொருவன் நரம்புக்குள். முனை மழுங்கினாலும் தூக்கிப் போட மாட்டார்கள். போட்டால் அடுத்தது எங்கே கிடைக்கும்?

ம்யூர்ஹவுஸில் ஒரு க்ளினிக். அங்கே ராய் ராபர்ட்சன் என்று ஓர் இளம் டாக்டர். சளி, காய்ச்சல், வயிற்றுவலி பார்க்கிற குடும்ப டாக்டர். 1983 வாக்கில் அவரிடம் வந்த பையன்கள் பலருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சள் காமாலை. சோதித்தால், ஹெபடைடிஸ் பி. ரத்தத்தின் வழியே பரவுகிற கிருமி. ஒருவர், இருவர் என்றால் சரி. வரிசையாக வந்தால்? ராபர்ட்சனுக்குப் பொறி தட்டியது. இவர்கள் ஊசியைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அந்த ரத்த மாதிரிகளை சோதனைச் சாலையில் ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். பின்னால் எதற்காவது உதவும். உதவியது. பயங்கரமாக உதவியது.

1985-ல் ஹெச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. எய்ட்ஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் சமாசாரம் என்று ஸ்காட்லாந்து நினைத்துக்கொண்டிருந்த காலம். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அந்தப் பழைய மாதிரிகளைச் சோதித்தார்கள். ஹெராயின் பழக்கம் உள்ள 164 பேர். அத்தனை பேரும் அந்த ஒரே க்ளினிக்குக்கு வந்தவர்கள்.

பாதிக்கு மேல்! 51 சதவீதம் பேருக்கு ஹெச்.ஐ.வி.

1983-ன் கடைசியில் நுழைந்த கிருமி, ஒன்றரை வருஷத்தில் பாதிப் பேரைப் பிடித்திருந்தது. 1986 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் பெயர் சூட்டிவிட்டன: 'ஐரோப்பாவின் எய்ட்ஸ் தலைநகரம்'. கலைத் திருவிழா நடக்கும் ஊருக்கு இப்படி ஒரு பட்டம்.

ஸ்லம்டாக் மில்லியனர் எடுத்த டேனி பாயிலை நமக்குத் தெரியும். அவர் 1996-ல் எடுத்த 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படம் இந்தக் கதைதான். மூல நாவலை 1993-ல் எழுதிய இர்வின் வெல்ஷ், ம்யூர்ஹவுஸில் வளர்ந்தவர். படத்தில் கட்டுக்கதை நிறைய இருக்கலாம். லீத்தில் எய்ட்ஸ் வந்து இளைஞர்கள் செத்தார்கள் என்பதில் கட்டுக்கதை கிடையாது.

*

இப்போது ஒரு கேள்வி. இத்தனைக்கும் காரணம் ஹெராயின்தானே? ஊசி, போலீஸ் என்று ஏன் இழுக்கவேண்டும்?

பதில் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தின் பெரிய நகரம். எடின்பரோவைவிட ஏழை. அங்கேயும் கப்பல் தளங்கள் மூடிக்கொண்டிருந்தன. ஹெராயின் எடுப்பவர்கள் எண்ணிக்கையில் எடின்பரோவைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால், அதே காலத்தில் அங்கே ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஹெச்.ஐ.வி. இருந்தது, நூற்றுக்கு சுமார் ஐந்து பேருக்கு மட்டும்.

இங்கே ஐம்பது. அங்கே ஐந்து. அதே நாடு, அதே சரக்கு, அதே வறுமை. முக்கியமான வித்தியாசம், கிளாஸ்கோவில் சிரிஞ்ச் வாங்குவது அத்தனை கஷ்டமாக இல்லை.

சில பென்ஸ் பெறுகிற பிளாஸ்டிக் சிரிஞ்ச்!

விஷயம் அரசாங்கத்துக்குப் போனது. எடின்பரோ ரத்த வங்கியின் தலைவர் பிரையன் மெக்லெலண்ட் தலைமையில் ஒரு கமிட்டி. பொதுவாகக் கமிட்டி என்றால் பைல் தூங்கும். இது தூங்கவில்லை. 1986 செப்டம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. போதையை ஒழிப்பது அப்புறம், முதலில் ஹெச்.ஐ.வி.யை நிறுத்து. புது ஊசி கொடு. ஹெராயினுக்குப் பதில் வாய்வழியாகக் குடிக்கும் மாற்று மருந்து கொடு. இதுதான் சாரம்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா, வெட்கக்கேடு, வரிப்பணம் என்று கூப்பாடு போட்டார்கள். ஆனால் முன்னுதாரணம் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1984-லேயே, பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. அதைக் கேட்டு வாங்கியது யார் தெரியுமா? போதைப் பழக்கம் உள்ளவர்களே சேர்ந்து வைத்திருந்த சங்கம். அங்கேயும் ஒரு மருந்துக்கடை ஊசி விற்பதை நிறுத்தியதுதான் ஆரம்பம்.

1987. கறார் பேர்வழி தாட்சரின் அரசாங்கமே பிரிட்டனில் சோதனை முயற்சியாக ஊசி மையங்களைத் திறந்தது. லீத் ஆஸ்பத்திரியிலும் ஒன்று. 1988-லிருந்து எடின்பரோவில் மெத்தடோன் என்கிற சிரப்பைக் குடும்ப டாக்டர்களே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு பரவியது. தினம் ஒரு வேளை குடித்தால் போதும், உடம்பு ஹெராயின் கேட்டு முறுக்கிக்கொள்ளாது.

இதன் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். ஹெராயின் அடிமைக்கு ஒரு நாள் என்பது என்ன? எழுந்ததும் காசு தேடு. திருடு, கடன் வாங்கு, உடம்பை விற்பவர்களும் உண்டு. பிறகு, சரக்கு தேடு. பிறகு, ஊசி தேடு. நாலு மணி நேரம் நிம்மதி. மறுபடி முதலிலிருந்து. சாப்பாடு எங்கே, தூக்கம் எங்கே, டாக்டர் எங்கே? சிரப் கைக்கு வந்ததும் முதலில் கிடைத்தது மருந்து அல்ல, நேரம். ஹால்ஸ்டெட்டுக்குப் பிறவியிலேயே கிடைத்திருந்த ஒன்று.

புதிதாக ஹெச்.ஐ.வி. தொற்றுவது வேகமாகக் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு? நல்ல மருந்து வர 1996 ஆகிவிட்டது. அதற்குள் பலர் போய்விட்டார்கள். 1991-ல் எடின்பரோவில் எய்ட்ஸ் நோயாளிகள் நிம்மதியாகக் கண்மூடுவதற்கென்றே தனியாக ஓர் இல்லம் கட்டவேண்டி வந்தது.

ராபர்ட்சன் ம்யூர்ஹவுஸைவிட்டு ஓடவில்லை. முப்பது வருஷம் அதே ஜனங்களைத் தொடர்ந்து கவனித்தார். 1980-லிருந்து 2007 வரை அந்த க்ளினிக்குக்கு வந்த, ஊசி போட்டுக்கொண்ட 794 பேரின் கதையை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. 228 பேர் இறந்திருந்தார்கள். முதல் ஊசிக்கும் மரணத்துக்கும் இடையே எத்தனை வருஷம்? ஹெச்.ஐ.வி. இருந்தவர்களுக்கு இடைநிலைக் கணக்கு 24 வருஷம். இல்லாதவர்களுக்கு 41 வருஷம். மாற்று மருந்து எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கூடுதல் வருஷத்துக்கும் மரண அபாயம் 13 சதவீதம் குறைந்தது.

24-க்கும் 41-க்கும் நடுவே பதினேழு வருஷம். ஒருவன் தன் பிள்ளை வளர்ந்து ஆளாவதைப் பார்க்கிற காலம் அது.

*

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். முடியவில்லை.

எடின்பரோ பாடம் படித்தது. வறுமை அப்படியே இருந்தது. 2020-ல் ஸ்காட்லாந்தில் போதை மருந்தால் செத்தவர்கள் 1,339 பேர். மிகவும் ஏழ்மையான பகுதிகளில் இருப்பவர்கள் இப்படிச் சாகும் வாய்ப்பு, வசதியான பகுதிகளைவிட 18 மடங்கு. செத்தவர்களின் சராசரி வயது 43. ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பார்த்ததில், இந்தச் சாவுகளுக்கு அதிகம் பலியானது ஒரு குறிப்பிட்ட தலைமுறை. 1960-க்கும் 1980-க்கும் இடையே ஏழைப் பகுதிகளில் பிறந்தவர்கள், அதிலும் ஆண்கள். புரிகிறதல்லவா? சோபாவில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அதே பையன்கள். எய்ட்ஸிலிருந்து தப்பித்தவர்களை, நாற்பது வயதில் அது பிடித்துவிட்டது.

கிளாஸ்கோ? 80-களில் தப்பித்த ஊராயிற்றே. 2015-ல் அங்கேயும் ஹெச்.ஐ.வி. வெடித்தது. இந்தத் தடவை ஊசி தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை. வீடில்லாதவர்கள், ஜெயிலுக்குப் போய்ப் போய் வருபவர்கள், ஒரு நாளைக்குப் பல தடவை கோகெய்ன் ஊசி போடுபவர்கள், இவர்களுக்குள்தான் அதிகம் பரவியது. அந்தக் கொள்ளை நோய் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2017-ல், கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இருந்த ஊசி மையத்தை மூடினார்கள். என்னத்தைச் சொல்ல! பல வருஷ இழுபறிக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான், நர்ஸ் கண் முன்னால் சுத்தமான ஊசி போட்டுக்கொள்ளும் மையம் ஒன்று அங்கே திறந்தது. பிரிட்டனிலேயே அரசு அனுமதியோடு திறந்த முதல் மையம்.

ஹெராயினை யாரும் நல்லது என்று சொல்லப் போவதில்லை. ஆனால் எடின்பரோவில் அந்தப் பையன்களைக் கொன்ற கிருமி ஹெராயின் பொட்டலத்துக்குள் இல்லை. அது ஊசியில் இருந்தது. அந்த ஊசி பத்துக் கைகள் மாறியதற்குக் காரணம், பதினோராவது ஊசியை யாரும் விற்கக்கூடாது என்று பெரிய மனிதர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு.

பாலத்துக்கு அடியில், பஸ் ஸ்டாண்டு மூலையில், சட்டைக் கையை மடித்தபடி கிறங்கிக் கிடக்கும் ஒருவனை நீங்களும் என்றாவது பார்ப்பீர்கள். 'அவனே தேடிக்கிட்டது, அனுபவிக்கட்டும்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். எனக்கும் வந்திருக்கிறது. அப்போது ஒரு நிமிஷம் டாக்டர் ஹால்ஸ்டெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் தேடிக்கொண்டவர்தான்.